பேர் போடாத வேலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. "இந்த மாசம் எத்தன பேரு?" என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள் வேலைக்குப் போய், கொடுத்த வேலையை முடித்துவிட்டால் ஒரு பேர். பறித்த கொழுந்து நிறையில் குறைந்துபோனால் அரைப்பேர். நாள்பூராவும் சரிவில் நின்று பறித்துவிட்டு, தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டியதற்காக அரைப்பேர் வாங்கிக்கொண்டு வருகிறவளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். என் மனைவி அந்த முகத்தோடு வரும் நாட்களில் நான் வாயைத் திறக்க மாட்டேன். ரொட்டி தீய்ந்திருந்தாலும் தின்றுவிட்டு வெளியே போய்விடுவேன்.

என் தொழில் தங்கம். கையில் பிடிக்கிற தங்கம் இல்லை. போனில் ஒரு கோடு ஏறும், இறங்கும். ஏறும் என்று தோன்றினால் வாங்குவேன், இறங்கும் என்று தோன்றினால் விற்பேன். நினைத்தபடி நடந்தால் இடையில் உள்ள வித்தியாசம் எனக்கு. நடக்காவிட்டால் என்னிடமிருந்து போகும். ஒரு குண்டுமணித் தங்கம்கூட வீட்டுப் படியேறியதில்லை. மனைவியின் காதில் கிடப்பது கவரிங். ஆனாலும் சுவரோடு சுவர் ஒட்டிய காம்பரா வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் நான் தங்க வியாபாரி ஆகிவிட்டேன்.

ஒரு நாள் மூன்றாவது காம்பரா அக்கா, மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தம்பி, தங்கம் எறங்குமா? இப்ப வாங்கலாமா, சித்திர முடியட்டுமா?"

"தெரியலீங்க அக்கா."

"தெரியலியா? அப்ப காலையிலருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, என்னத்துக்கு?"

என்ன பதில் சொல்வது? தெரியாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்று சொன்னால், காசு கட்டித் தெரியாமல் இருக்கப் படித்தவன் என்று லயம் முழுக்கச் சிரிக்கும். உண்மையும் அதுதான். பத்துத் தடவை வாங்கி விற்றால் நாலைந்து தடவை தவறிப்போகும். தவறும்போது கொஞ்சமாக இழக்க வேண்டும், சரியாகும்போது கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதற்காக ஒவ்வொரு முறையும் 'இந்த விலைக்குப் போனால் நஷ்டத்தோடு தானாக முடித்துவிடு' என்று முன்கூட்டியே ஓர் எல்லையைப் போட்டு வைப்போம். அதற்கு ஸ்டாப் என்று பேர். அந்த எல்லையைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. போட்டதை எடுக்காமல் இருக்கத்தான் எனக்கு வருஷக்கணக்காயிற்று.

இந்தத் தொழிலுக்கு வருமுன் பதுளை பஜாரில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றேன். கூட நின்ற பையன் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் போனை நோண்டுவான். அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் படித்தேன். அவன் இரண்டு மாதத்தில் இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு கட்டாருக்குப் போய்விட்டான். நான் விடவில்லை. கடையில் வாங்குகிற சம்பளத்தைவிடப் போனில் கூடுதலாக வந்த மாதங்கள் அடுத்தடுத்து வந்தன. வேலையை விட்டு நிற்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் அளவுக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா செய்ங்க. ஆனா ஒண்ணு கேக்கவா? ஒங்க யாவாரத்துல எப்பக் கடை பூட்டுவீங்க?" என்று கேட்டார். அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது தலைக்கனம்.

வேலையை விட்டதற்குக் காரணம் என் மகள். எங்களுடையது ஒற்றை அறைக் காம்பரா. முன்னால் பலகை அடித்து மறைத்த இஸ்தோப்புத் திண்ணை, பின்னால் புகை படிந்த குசினி. மகள் பெரியவளானதும் மனைவி தன் பழைய சேலையைக் குறுக்கே கட்டி ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். நான் உள்ளே வரும்போதெல்லாம் இருமிவிட்டு வர வேண்டும். பிள்ளை உடுப்பு மாற்ற, படிக்க, தலைவலி என்று படுக்க எல்லாவற்றுக்கும் அந்தச் சேலைதான். காற்று அடித்தால் அதுவும் விலகிவிடும்.

"அவளுக்கு ஒரு கதவு வேணுங்க" என்றாள் மனைவி ஒரு நாள். "உள்ளுக்கு இருந்து சாத்திக்கிற மாதிரி. வேற ஒண்ணும் நான் கேக்கல."

வேறு ஒன்றும் கேட்காதவள் கேட்டது. பதுளை டவுனில் வாடகைக்கு ஒரு வீடு, இரண்டு அறை, மகளுக்குக் கதவு உள்ள ஓர் அறை, பஸ் ஏறாமல் பள்ளிக்கூடம். செய்கிறேன் என்று சொன்னேன். மனைவிக்குக் கொழுந்துப் பையின் நாடா இழுத்து இழுத்துத் தோள்பட்டை வீங்கியிருந்தது. நாலைந்து மாதம் கையில் நன்றாக வந்ததும் நானே அவளை நிறுத்தினேன். "போதும். இனி பெரட்டுக்குப் போக வேணாம்." காலையில் ஆட்களைக் கூட்டி இன்னாருக்கு இன்ன மலை என்று வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்துக்கு அவள் பதினாறு வயதிலிருந்து போய்க்கொண்டிருந்தாள். போகாத முதல் நாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

இனி வீட்டில் ஒரே சம்பாத்தியம் என்னுடையது. இங்கேதான் 'பேர்' என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்தது.

தோட்டத்தில் பிறந்தவன் வேறு எப்படி யோசிப்பான்? ஒரு நாளைக்கு ஒரு பேர் என்று நானே எனக்குக் கணக்கு வைத்துக்கொண்டேன். கொழுந்து பறிப்பவளுக்கு எத்தனை கிலோ என்று விதித்திருப்பதுபோல, ஒரு நாளைக்கு இவ்வளவு எடுத்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். மத்தியானம் லண்டன் சந்தை சூடுபிடிக்கும். அது எனக்கு முதல் நிறுவை. சாயங்காலம் அமெரிக்கா வரும். அது கடைசி நிறுவை. இதைப் பெருமையாக மனைவியிடமும் சொல்லி வைத்தேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குத் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "இன்னைக்குப் பேரா, அரைப்பேரா?" என்று கேட்பாள். குத்திக் கேட்டதில்லை. அன்பாகத்தான் கேட்டாள். அந்த அன்பு என் கழுத்தைப் பிடித்தது.

சந்தை தினக்கூலி கொடுப்பதில்லை. சில நாள் காலை முதல் ஒன்றும் இருக்காது, கோடு குறுக்கே படுத்துக் கிடக்கும். அந்த நாளில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் வேலை. எத்தனை பேருக்கு அது முடியும் என்று தெரியவில்லை, லயத்தில் முடியாது. ஊரே மலைக்குப் போன பிறகு இஸ்தோப்பில் குந்தியிருக்கும் ஆம்பிளையைப் பார்த்தால் நாய்கூட ஒரு மாதிரிப் பார்க்கும். வீட்டிலும் பக்கத்துக் காம்பராவிலும் ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். "சும்மாதானே இருக்கீங்க, இந்த மாவ அரைச்சுட்டு வந்துருங்களேன்", "சும்மாதானே, கேஸ் சிலிண்டர தூக்கி வந்து வச்சுருங்க." நான் அரைத்துக் கொடுத்தேன், தூக்கியும் வைத்தேன். ஆனால் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும்: இன்னும் பேர் வரவில்லை, இன்னும் பேர் வரவில்லை.

நிறை குறையும் என்று தெரிந்தால் பறிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு இலையும் மொட்டும் என்பதை மறந்து, கைக்கு அகப்பட்ட முற்றல் இலையையும் கிள்ளிப் பைக்குள் போடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். வாங்கக் காரணமே இல்லாத இடத்தில் வாங்கினேன். இறங்கியது. விற்றேன். ஏறியது. உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று. மலையிலாவது கங்காணி பையைக் கொட்டிப் பார்த்து முற்றலை வீசி எறிவார், இரண்டு ஏச்சும் கிடைக்கும். என் பையைக் கொட்டிப் பார்க்க ஆளில்லை. முற்றலையும் சந்தை வாங்கிக்கொண்டது, விலைக்குப் பதிலாக என் காசை எடுத்துக்கொண்டது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் எல்லாம் சேர்ந்து வந்தது. தீபாவளி முடிந்ததும் வருகிறோம் என்று பதுளை ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். மகள் அறையைப் பார்த்து, கதவை இரண்டு தரம் சாத்தித் திறந்துவிட்டும் வந்திருந்தாள். அன்று மத்தியானத்துக்குள் நஷ்டம். சாயங்காலத்துக்குள் பேரைப் பிடித்துவிட வேண்டும் என்று, வழக்கமாக வாங்குவதைப்போல் பல மடங்கு வாங்கினேன். கோடு இறங்கத் தொடங்கியது. ஸ்டாப்பை நெருங்கியதும் அதை எடுத்துக் கீழே தள்ளி வைத்தேன். மறுபடி நெருங்கியது. எல்லையையே அழித்துவிட்டேன். திரும்பி வரும், வராமல் எங்கே போகும் என்று நினைத்தேன்.

அப்போது இடி இடித்தது. லைட் போயிற்று, கொஞ்ச நேரத்தில் டவரும் போயிற்று. போனில் கோடு அப்படியே உறைந்து நின்றது. நான் மழைக்குப் போர்த்தும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு மேலே உள்ள பாறைக்கு ஓடினேன். அங்கே எப்போதும் ஒரு கோடாவது சிக்னல் இருக்கும். அன்று அதுவும் இல்லை. எனக்குத் தெரியாத ஓர் இடத்தில் தங்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விடவும் முடியவில்லை. புலிவாலைப் பிடித்த கதை என்பார்களே, எனக்குப் புலியையே பார்க்க முடியவில்லை, வால் மட்டும்தான் கையில். அந்தப் பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகவும் பயம், நிற்கவும் பயம். சிக்னல் வந்தபோது, போட்ட காசு தீர்ந்துபோனதால் எல்லாம் தானாக விற்று முடிந்து, கணக்கில் ஏதோ சில்லறை கிடந்தது.

வீட்டில் மனைவி மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பேரா அரைப்பேரா என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். அவள் மகள் பக்கம் திரும்பி, சேலைத் தடுப்பை இழுத்துச் சரியாகக் கட்டினாள்.

மாதம் முடிவதற்குள் தோட்டத்து ஆபீசிலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். தோட்டம் கொடுத்த காம்பராவில் இருக்கிறவர்களில் ஒருவராவது வேலைக்கு வர வேண்டும், மாதக்கணக்காக இந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று. மனைவி மூலையில் மடித்து வைத்த கொழுந்துப் பையை எடுத்து உதறினாள். ஒரு பக்கத் தோளை உயர்த்தித்தான் அவளால் அதை உதற முடிந்தது. நான் அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "நான் போறேன்" என்றேன்.

பெரட்டுக்களத்தில் என்னைப் பார்த்ததும் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. கங்காணி எனக்கு மாமா முறை, கேலி செய்ய உரிமை உள்ளவர்.

"வாங்க மாப்ள. தங்க யாவாரிக்கு எந்த மலை வேணும்?"

"குடுக்குற மலையக் குடுங்க மாமா."

தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான்களைத் தோண்டிச் சுத்தம் பண்ணுகிற வேலை கொடுத்தார். அளந்து விட்டதை வெட்டி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். முதல் வாரம் உள்ளங்கை கொப்புளித்து, போன் திரையைத் தொடவே எரிந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். முடித்துக் கரையேறும்போது கங்காணி ஒரு தரம் பார்த்துவிட்டு, "மாப்ளைக்குப் பேர்" என்று சொல்வார்.

பிறகு நடந்ததுதான் எனக்கே விளங்காமல் இருந்தது. மிச்சம் கிடந்த சில்லறையை வைத்துக்கொண்டு மத்தியானத்துக்குப் பிறகு போனைத் திறப்பேன். முதுகு வலிக்கும். கோடு குறுக்கே படுத்திருந்தால் மூடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். அரிப்பு இல்லை. அன்றைய பேர் ஏற்கெனவே விழுந்துவிட்டது, சந்தையிடம் பிச்சை கேட்க ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் வாங்குவேன். ஸ்டாப்பைப் போடுவேன், தொட மாட்டேன். தவறினால் தவறியது, தூக்கம் வந்தது. மாசி, பங்குனி, சித்திரை என்று கணக்கு மெல்ல மெல்லத் தேறியது. வருஷக்கணக்காக நான் பார்த்த வீடியோக்களில் சொன்னதையெல்லாம் மண்வெட்டி பிடித்த பிறகுதான் கை செய்தது. ஆவணியில் என் கான்வெட்டுச் சம்பளத்தைவிடப் போனில் கூடுதலாக வந்தது, அடுத்த மாதமும் வந்தது. இந்தத் தடவை அது அதிர்ஷ்டம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"இப்பத்தான் ஒங்களுக்கு வேல புடிபட்டிருக்கு" என்றாள் மனைவி. பதுளையில் வீடு பார்க்க அவளே போய் வந்தாள். பழைய வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. வேறொன்று, இன்னும் கொஞ்சம் உள்ளே, இரண்டு அறை, இரண்டுக்கும் கதவு. தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கும்போது போய்விடலாம் என்று முடிவு பண்ணினோம். நானும் தலையாட்டினேன். அங்கே போனால் கான் வெட்ட வேண்டாம், முழு நேரமும் தொழில்தான் என்று சந்தோசமாகக் கூடச் சொன்னேன்.

தீபாவளிக்குத் தோட்டத்தில் அந்த வாரம் முழுக்க வேலை இல்லை. முதல் நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், ஆட்டுக்கறி சாப்பிட்டோம். அடுத்த நாள் காலையில் எழுந்தபோது பெரட்டு இல்லை, பேர் இல்லை. என் கை தானாகப் போனை எடுத்தது. சந்தை படுத்துக் கிடந்தது. வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. பிறகு ஸ்டாப்பைத் தள்ளி வைக்க விரல் போனது. போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். செத்துப்போனான் என்று ஒரு வருஷமாக நான் நினைத்த அந்தப் பழைய ஆள் உள்ளே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கான் வெட்டப் போகிற ஒரே காரணத்தால் அவன் பேசாமல் இருந்திருக்கிறான்.

மனைவியிடம் மறைக்கவில்லை. குசினியில் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"டவுன்லயும் ஏதாவது வேல இருக்குமே" என்றாள்.

"காலையிலருந்து ராத்திரி வரைக்கும் கடையில நிக்கணும். போன எப்பத் தொறக்கிறது? கான் வெட்டு மாதிரி மத்தியானத்துல விடுற வேல அங்க இல்ல. ரெண்டும் சேந்தாத்தான் வாடகை கட்டலாம். டவுன்ல இருந்துக்கிட்டு விடியப் பெரட்டுக்கு வந்து சேரவும் பஸ் இல்ல."

"பெரட்டுக்குப் போகாம இருந்தா?"

"திரும்பவும் அந்தப் பாறையிலதான் போய் நிப்பேன்."

தோட்டத்தை விட்டுப் போகத்தான் இந்தத் தொழிலைப் பிடித்தேன். தோட்டத்தில் கட்டிக் கிடந்தால்தான் இந்தத் தொழில் எனக்குச் சோறு போடும். இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அவள் அடுப்பை ஊதிவிட்டு விறகைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப நீங்க இங்க இருங்க" என்றாள் கடைசியில். "நானும் பிள்ளையும் போறோம். இன்னும் ஒரு வருசம் சேலைக்குப் பின்னால அவள இருக்கச் சொல்ல என்னால ஏலாது."

நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோ வந்தது. நான் கான் வெட்டி முடித்துச் சேற்றுக் காலோடு வந்தபோது பாதிச் சாமான் ஏறியிருந்தது. எனக்கென்று ஒரு பானை, ஒரு தட்டு, பாய், போன் சார்ஜர் ஆகியவற்றை மனைவி ஒதுக்கி வைத்திருந்தாள். குறுக்கே கட்டியிருந்த சேலையை மகள் அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் காம்பரா நான் நினைத்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார் என்று அவளிடம் சொல்லியிருந்தோம். எல்லா நாளும் வரமாட்டார் என்று சொல்லவில்லை. யார் சொல்வது என்று இருவருமே தள்ளிப்போட்டிருந்தோம்.

"அம்மா, அப்பா ஏறலையா?"

மனைவி மடியில் இருந்த மூட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பாவுக்குப் புதுவீடு ஒத்துக்காதும்மா" என்றாள்.

ஆட்டோ கிழக்கு மலை வளைவில் இறங்கி மறைந்தது. லண்டன் திறந்திருந்த நேரம். போன் சட்டைப்பையில் இரண்டு தரம் அதிர்ந்தது. நான் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. லயத்துச் சுவர் மெல்லிசு, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்கும்.